ட்ரெடிகரிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இருமல் கூடியதை அம்மா காதில் விழாமல் சொல்லத்தான் போனை விட்டுவிட்டுக் கடிதம் போட்டிருக்கிறீர்கள் என்று புரிந்தது. உடனே பதில் எழுதாதது என் தப்பு. வரிசையாக நைட் டூட்டி.

இங்கே வேல்ஸில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. குளிர் எலும்பில் ஏறுகிறது. ராத்திரி ஹீட்டர் போடுவதில்லை, அத்தை கொடுத்த கம்பளியே போதும். புளி தீர்ந்துவிட்டதால் எலுமிச்சை ரசம்தான். நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஊர் நம் கேஜிஎஃப் தங்கவயல் மாதிரியே இருக்கிறது. மலைச்சரிவில் லைன் வீடுகள்போல ஒட்டிய வீடுகள். நிலக்கரிச் சுரங்கமெல்லாம் மூடியாகிவிட்டது. நம் சைனைடு மேடுபோல இங்கேயும் கழிவு மேடுகள், மேலே புல். பக்கத்து வீட்டுத் தாத்தாவும் சுரங்கத்தில் இறங்கியவர். டூட்டி முடிந்து வரும்போது, இரும்புக் கல்லில் சுட்ட வெல்ஷ் கேக்கை டப்பாவில் போட்டு நீட்டுவார். அவர் புறங்கையில் நீல நீலமாகக் கோடுகள். காயம் ஆறியபோது கரித்தூள் உள்ளேயே தங்கிவிட்டதாம். வாயைத் திறந்தால் நை பெவன் பேச்சுதான்.

நை என்று கூப்பிடுகிற அன்யூரின் பெவன் 1897-ல் இந்த ஊரில் பிறந்தவர். 13 வயதில் பள்ளியை விட்டுச் சுரங்கத்துக்குப் போனார். திக்குவாய். அந்த நாக்கோடுதான் சங்கக் கூட்டங்களில் பேசினார். சங்கம் அவரை லண்டனில் தொழிலாளர் கல்லூரியில் படிக்க வைத்தது. திரும்பி வந்தால் ஊரில் வேலை கொடுக்க ஆளில்லை. 1929-ல் எப்பு வேல் தொகுதி எம்.பி. ஆனார், 1960-ல் சாகும்வரை அதே தொகுதிதான்.

அவருடைய அப்பாவும் சுரங்கத் தொழிலாளி. நுரையீரலில் கரித்தூள் அடைத்து 1925-ல் மகன் கையிலேயே உயிர்விட்டார். அதைத் தொழில்நோயாக அப்போது சேர்க்கவில்லை, நஷ்டஈடு ஒரு காசு வரவில்லை. பெரியப்பாவுக்கு டிபி என்று எழுதிக் கொடுத்தார்களே, அந்தச் சீட்டுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

இந்த ஊர்த் தொழிலாளிகள் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு டாக்டர், மருந்து எல்லாம் தாங்களே ஏற்பாடு செய்துகொண்டார்கள். பெவன் அந்த ஆஸ்பத்திரிக் கமிட்டியில் இருந்தவர். சுகாதார மந்திரியானதும் நாடு முழுக்க இலவச வைத்தியம் கொண்டுவந்தார், 1948 ஜூலை 5-ல். 1951-ல் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் என்றபோது பதவியையே விட்டார். அப்பா, இந்த வார்டில் 'அட்வான்ஸ் கட்டியாச்சா' என்று நான் இதுவரை ஒருவரிடமும் கேட்டதில்லை. பெங்களூரில் கேட்கச் சொன்னார்கள், கேட்டேன். அந்த முகங்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

லீவு ராத்திரிகளில் சுவருக்கு அந்தப் பக்கம் தாத்தா இருமுவார். உங்களுக்கு வெந்நீர் வைக்க எழுந்துவிடுவேன். கால் தரையில் பட்டதும்தான் இது அல்சூர் இல்லை என்று தெரியும். அப்புறம் தூக்கம் வராது.

நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கள். 24 வருஷம் கீழே இறங்கியதை நீங்களாகவே டாக்டரிடம் சொல்லுங்கள், அவர்களாகக் கேட்க மாட்டார்கள். இல்லாவிட்டால் பீடி என்று முடித்துவிடுவார்கள். 2001-ல் மைன்ஸ் மூடியபோது கிடைத்த சர்வீஸ் காகிதம் ட்ரங்குப் பெட்டியில் அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது, எடுத்துப் போங்கள். ஒயிட்ஃபீல்டு செக்யூரிட்டி வேலையில் நைட் ஷிப்ட் இனி வேண்டாம்.

வீட்டு லீஸுக்குக் கூடுதலாகக் கேட்டதில் பாதியை மாதக் கடைசியில் அனுப்புகிறேன், மீதியைச் சித்திரைக்குள். எனக்கு இங்கே சிரமம் ஒன்றுமில்லை. தம்பி ஃபீஸை முதலில் கட்டுங்கள். என் வளையலை இப்போது மீட்க வேண்டாம், வட்டி மட்டும் கட்டினால் போதும்.

எக்ஸ்ரே பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தம்பியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நான் பார்த்த பிறகு அம்மாவிடம் சொல்லலாம்.

உங்கள் மகள்