வீரர்களும் அவர்களை உருவாக்கியவர்களும்: சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவில் கூடியிருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். விளையாட்டுத் துறையில் பெயர் பெற்றவர்களின் வாழ்க்கை வரலாறுகளைக் கூடிப் படித்து விவாதிப்பதே நம் சங்கத்தின் பணி என்பதால், இவ்வறிக்கையும் நிர்வாகச் செய்திகளைவிட நாம் படித்தவற்றையும் அவற்றின்மேல் எழுந்த கருத்துகளையுமே பெரிதும் எடுத்துரைக்கிறது. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, ஒரு வீரரைப் பற்றிப் பேச முன்வருபவர் அவரை உருவாக்கிய பயிற்சியாளரைப் பற்றியும் சம அளவு பேச வேண்டும் என்ற நெறியை இவ்வாண்டு கடைப்பிடித்தோம். பயிற்சியாளர்களைப் பற்றி எழுதப்பட்டவை குறைவு, ஆகவே அமர்வுகள் சுவையற்றுப் போகும் என்று செயற்குழுவில் சிலர் ஐயுற்றனர். எழுதப்பட்டவை குறைவு என்பது உண்மைதான். சுவை குறையவில்லை என்பதை ஆர்தர் லிடியார்ட் பற்றிய முதல் அமர்வே காட்டிவிட்டது.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் லிடியார்ட். விளையாட்டு அறிவியலில் பட்டம் எதுவும் பெறாத அவர், எவ்வளவு தூரம் ஓடினால் உடல் எதைத் தாங்கும் என்பதைப் பல ஆண்டுகள் தம் உடலையே வைத்துச் சோதித்து, வாரத்துக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் நிதான ஓட்டத்தை அடித்தளமாகக் கொண்டு, வேகப் பயிற்சியை அதன்மேல் படிப்படியாக ஏற்றும் முறையை வகுத்தார். தம் சுற்றுவட்டாரத்து இளைஞர்களையே அவர் பயிற்றுவித்தார். அவர்களுள் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே பிற்பகலில் அடுத்தடுத்துத் தங்கம் வென்றனர். சில நாள் கழித்து பாரி மகீ மாரத்தானில் வெண்கலம் பெற்றார். 800 மீட்டர் ஓடுபவருக்கு 35 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டம் எதற்கு என்று அக்காலத்தில் பலர் கேட்டனர். 1964 டோக்கியோவில் 800, 1,500 ஆகிய இரண்டு ஓட்டங்களிலும் தங்கம் வென்று ஸ்னெல் அதற்கு விடை சொன்னார்.

இதே அமர்வில் ஹால்பெர்க் பற்றியும் விரிவாகப் பேசப்பட்டது. இளமையில் ரக்பி ஆட்டத்தில் அடிபட்டு இடது கை செயலிழந்த அவர், 1963இல் ஊனமுற்ற குழந்தைகளுக்காக ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். லிடியார்டின் தாக்கமோ ஓடுகளத்தைத் தாண்டி, பதக்கத்தை நினைத்தே பார்க்காத மக்களிடம் போய்ச் சேர்ந்தது. நடுவயதினரும் இதயநோய் கண்டவர்களும் மெல்லோட்டம் ஓடலாம் என்று அவர் ஊக்கப்படுத்திவந்த காலத்தில், அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மன் அவரைக் காண நியூசிலாந்து சென்றார். அங்கே இதயநோய்க்கு ஆளான முதியவர் ஒருவருக்கு ஈடுகொடுத்து ஓட முடியாமல் பவர்மன் மூச்சு வாங்கினார். தாம் ஊர் திரும்பியதும் பொதுமக்களுக்கு மெல்லோட்ட வகுப்புகளை நடத்தத் தொடங்கினார். இன்று ஜாகிங் என்று உலகெங்கும் வழங்கும் பழக்கம் பரவியதில் இவ்விருவருக்கும் பெரும்பங்கு உண்டு. லிடியார்டின் பதக்கப் பட்டியலைவிட இதுவே பெரிது என்பது என் சொந்தக் கருத்து. தலைவர் இதற்கு உடன்படவில்லை என்பதையும் நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன்.

ஒருவர் விதைத்தது வேறோரிடத்தில் விளைவதை மேலும் இரண்டு அமர்வுகளில் கண்டோம். இங்கிலாந்தைச் சேர்ந்த கால்பந்துப் பயிற்சியாளர் ஜிம்மி ஹோகன், முதல் உலகப் போர் வெடித்தபோது ஆஸ்திரியாவில் அகப்பட்டுக்கொண்டு, பின்னர் புடாபெஸ்ட் சென்று அங்குள்ள எம்.டி.கே. அணிக்குப் பந்தைக் கட்டுப்படுத்தவும் குறுகிய தூரத்தில் கடத்தவும் கற்பித்தார். சொந்த நாட்டில் அவரைப் பெரிதாக மதித்தவர்கள் சிலரே. 1953 நவம்பர் 25 அன்று வெம்பிளி மைதானத்தில் ஹங்கேரி 6-3 என்று இங்கிலாந்தை வென்றபின், அந்த ஆட்டமுறையின் மூலவர் ஹோகன்தான் என்று ஹங்கேரியர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். மற்றவர் அயர்லாந்தைச் சேர்ந்த துறவி கோம் ஓ'கானல். 1976இல் கென்யாவின் இத்தேன் ஊரிலுள்ள புனித பேட்ரிக் பள்ளிக்குப் புவியியல் ஆசிரியராகச் சென்றபோது அவருக்குத் தடகளப் பயிற்சி பற்றி ஏதும் தெரியாது. மாணவர்கள் ஓடுவதைப் பார்த்தும் அவர்களிடம் கேட்டும் அவர் கற்றுக்கொண்டார். அப்பள்ளி மாணவர் பீட்டர் ரோனோ 1988 சியோலில் 1,500 மீட்டர் தங்கம் வென்றார். ஓ'கானலிடம் பயிற்சி பெற்ற டேவிட் ருடிஷா, 2012 லண்டனில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார்.

ஆண்டின் மிகச் சூடான விவாதம் குத்துச்சண்டை அமர்வில் நடந்தது. 1975 அக்டோபர் 1 அன்று மணிலாவில் முகம்மது அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதிய மூன்றாவது ஆட்டத்தின் 14ஆம் சுற்று முடிந்து, ஃபிரேசியர் தம் மூலையில் வந்து அமர்ந்தபோது, முகம் வீங்கி அவருக்குப் பார்வை ஏறத்தாழ மறைந்திருந்தது. எஞ்சியிருந்தது ஒரே ஒரு சுற்று. ஃபிரேசியர் மறுத்தும் கேளாமல், அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் ஆட்டத்தை அங்கேயே நிறுத்தச் செய்தார். எதிர் மூலையில் அலியும் ஏறக்குறைய நிலைகுலைந்த நிலையில்தான் இருந்தார் என்பதால், அந்தக் கடைசிச் சுற்றை ஆடியிருந்தால் பட்டம் ஃபிரேசியருக்குக் கிட்டியிருக்கலாம் என்று நம் உறுப்பினர் ஒருவர் வாதிட்டார். களத்தில் அடிபட்டு உயிரிழந்த குத்துச்சண்டை வீரர்களை ஃபட்ச் நேரில் கண்டிருந்தார் என்பதை மற்றொருவர் எடுத்துக்காட்டினார். பயிற்சியாளர் தம் வீரரைத் தோற்கவிடலாமா என்ற கேள்வியில் அவை இரண்டாகப் பிரிந்தது. வாக்கெடுப்பு வேண்டாம் என்று தலைவர் தீர்ப்பளித்தார். ஃபட்ச் செய்தது சரி என்றே நான் கருதுகிறேன்.

டென்னிஸ் அமர்வில் எடுத்துக்கொண்டவர் ராபர்ட் வால்டர் ஜான்சன். தொழிலால் மருத்துவரான இவர், இனப்பாகுபாடு சட்டமாகவே இருந்த அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லின்ச்பர்க் நகரில், தம் வீட்டை ஒட்டியிருந்த ஆடுகளத்தில் கறுப்பினச் சிறாரைப் பயிற்றுவித்தார். எல்லைக் கோட்டுக்கு இரண்டு அங்குலம் வெளியே விழும் பந்தையும் உள்ளே விழுந்ததாகவே கொண்டு ஆட வேண்டும், நடுவரிடம் வாதிடக் கூடாது என்பது அவர் விதி. வெள்ளையரின் போட்டிகளில் இச்சிறாரை வெளியேற்ற ஒரு சாக்குக்கூடக் கிடைத்துவிடக் கூடாது என்பதற்காகவே அவ்விதி வகுக்கப்பட்டது. அநீதிக்கு வளைந்துகொடுப்பதாக இது இல்லையா என்ற உறுப்பினரின் கேள்வி நியாயமானதே. ஆனால் 1957இல் ஆல்தியா கிப்ஸனும் 1975இல் ஆர்தர் ஆஷும் விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்றது அந்த ஆடுகளத்தில் பெற்ற பயிற்சியின் துணையோடுதான். ஆஷ் வென்றதைக் காண ஜான்சன் உயிருடன் இல்லை. அவர் 1971இல் காலமானார். பன்னாட்டு டென்னிஸ் புகழரங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2009இல்தான்.

கூடைப்பந்துக்கு ஒதுக்கிய அமர்வில் இருவரை ஒப்பிட்டோம். 1964 முதல் 1975 வரை அமெரிக்கக் கல்லூரிப் பட்டத்தைப் பத்து முறை வென்ற யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜான் வூடன், ஒவ்வோர் ஆண்டும் முதல் நாளில் வீரர்களை உட்காரவைத்துக் காலுறையை எப்படிச் சுருக்கமில்லாமல் அணிவது, காலணி நாடாவை எப்படி இறுக்குவது என்று கற்பித்தார்; கால் கொப்பளித்தால் பயிற்சி போய்விடும் என்பதே காரணம். டென்னசி பல்கலைக்கழக மகளிர் அணிப் பயிற்சியாளர் பாட் சம்மிட் 1974இல் 22 வயதில் பொறுப்பேற்றபோது, அணியின் சீருடைகளைத் துவைப்பதும் வண்டியை ஓட்டுவதும் அவர் வேலையாகவே இருந்தன. 1,098 வெற்றிகளையும் எட்டுத் தேசியப் பட்டங்களையும் குவித்த அவருக்கு 2011இல் மறதிநோய் இருப்பது தெரியவந்தது. அதை மறைக்காமல் அறிவித்துவிட்டு மேலும் ஒரு பருவம் அணியுடன் இருந்தார்.

இந்தியத் தடகள அமர்வு சுருக்கமாகவே அமைந்தது. 1984 லாஸ் ஏஞ்சலீஸில் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்ட பி.டி.உஷாவையும், அவரைச் சிறுமியாகக் கண்டெடுத்த ஓ.எம்.நம்பியாரையும் பற்றி உறுப்பினர்களுக்கு முன்பே நன்கு தெரியும். துரோணாச்சாரியார் விருதை 1985இல் முதன்முதலாகப் பெற்றோருள் ஒருவரான நம்பியார் 2021இல் காலமானார். பின்னாளில் உஷாவே பள்ளி நிறுவிப் பயிற்சியாளரானது நம் நெறிக்கு மிகப் பொருத்தமாக அமைந்தது.

பயிற்சியாளர்களைப் போற்றியே ஓர் ஆண்டைக் கழித்துவிடலாகாது என்று துணைத்தலைவர் வற்புறுத்தியதால், கிழக்கு ஜெர்மனிக்கு ஓர் அமர்வை ஒதுக்கினோம். 1986இல் ஐரோப்பிய மகளிர் குண்டு எறிதல் பட்டம் வென்ற ஹைடி கிரீகருக்கு, பதின்வயதிலிருந்தே ஆண்மை இயக்குநீர் வகை மாத்திரைகள் சத்து மாத்திரை என்ற பெயரில் பயிற்சியின்போது கொடுக்கப்பட்டன. பின்னாளில் ஆணாக மாறி ஆன்ட்ரியாஸ் கிரீகர் என்று பெயர் கொண்ட அவர், அந்நாட்டின் முன்னாள் விளையாட்டுத் தலைவர் மன்ஃபிரெட் எவால்ட் மீது 2000இல் நடந்த வழக்கில் சாட்சியம் அளித்தார். எவால்ட் குற்றவாளி என்று தீர்ப்பானாலும் சிறை செல்லவில்லை, தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. ஊக்கமருந்தை எதிர்த்துப் போராடுவோருக்கு ஜெர்மனியில் வழங்கப்படும் பரிசு ஹைடி கிரீகர் பதக்கம் என்றே வழங்கப்படுகிறது.

கேள்விப்பட்ட கதைகளை அப்படியே பதிவேட்டில் ஏற்றும் வழக்கத்தை இவ்வாண்டு நிறுத்தினோம். சம்பந்தப்பட்டவர் தாமே சொன்னதோ அக்காலத்து ஆவணமோ இருந்தால் மட்டுமே பதிவு செய்வது என்று முடிவாயிற்று. இதனால் சுவையான பல துணுக்குகளை இழந்தோம். செக்கோஸ்லோவாக்கியாவின் ஓட்ட வீரர் எமில் ஜாடோபெக் கதை தேறியது. 1952 ஹெல்சிங்கியில் 5,000, 10,000, மாரத்தான் என மூன்று தங்கம் வென்ற அவர், 1966இல் பிராகுக்கு வந்து விடைபெற்ற ஆஸ்திரேலிய ஓட்ட வீரர் ரான் கிளார்க்கின் கையில் ஒரு சிறு பொட்டலத்தைக் கொடுத்தார். உலக சாதனைகள் பல படைத்தும் ஒலிம்பிக் தங்கம் வெல்லாத கிளார்க் பின்னர் அதைப் பிரித்தபோது, உள்ளே இருந்தது ஜாடோபெக்கின் 10,000 மீட்டர் தங்கப் பதக்கம். இதைக் கிளார்க்கே பலமுறை சொல்லியிருக்கிறார். 1968இல் சோவியத் படையெடுப்பை எதிர்த்ததற்காக ஜாடோபெக் பதவி பறிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் உடலுழைப்பு வேலைகளுக்கு அனுப்பப்பட்டார் என்பதும் பதிவேட்டில் இடம்பெற்றது.

நூலகத்தில் வீரர்களின் தன்வரலாறுகள் நிறைந்திருக்க, பயிற்சியாளர்களைப் பற்றிய நூல்கள் ஓர் அலமாரித் தட்டைக்கூட நிரப்பவில்லை. எனவே வரும் ஆண்டின் நூல் வாங்கும் தொகையில் பாதியை இவ்வகைக்கே ஒதுக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. இரவல் எடுத்த நூல்களைத் திருப்பித் தராத உறுப்பினர்கள் இக்கூட்டம் கலையும் முன் நூலகப் பொறுப்பாளரைச் சந்திக்குமாறு வேண்டுகிறேன்.

அடுத்த ஆண்டுக்கு மூன்று பொருள்கள் முன்மொழியப்பட்டுள்ளன. 1948இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டோருக்கு வில்வித்தைப் போட்டி நடத்தி, பாராலிம்பிக்கிற்கு வழிவகுத்த மருத்துவர் லுட்விக் குட்மன். கார்போவ், காஸ்பரோவ், கிராம்னிக் ஆகிய மூவரும் பயின்ற சதுரங்கப் பள்ளியை நடத்திய மிகயில் போட்வின்னிக். 1882இல் கோடோகன் பள்ளியை நிறுவி ஜூடோவை வகுத்த ஜிகோரோ கானோ. இம்மூன்றையும் ஏற்று, நூலகப் பரிந்துரைக்கும் இவ்வறிக்கைக்கும் ஒப்புதல் வழங்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்