அரிசி தந்தீர்கள், கிரைண்டர் தந்தீர்கள், உளுந்தும் தாருங்கள்

தமிழ்நாடு அரசின் கூட்டுறவு, உணவு மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறைக்கு,

வணக்கம்.

நான் கும்பகோணத்தில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். மாமியார், கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், நான் என வீட்டில் ஐந்து பேர். கடையில் மாவு வாங்குவது கட்டுமா, வீட்டில் அரைப்பது கட்டுமா என்று எங்கள் வீட்டில் அடிக்கடி பேச்சு வரும். பேசிக்கொண்டே இருப்பதைவிட எழுதிப் பார்த்துவிடலாம் என்று, தை மாதம் முழுக்க இட்லி மாவுக்கு ஆன செலவை மகளின் பழைய நோட்டில் குறித்து வைத்தேன். அந்தக் கணக்கு எனக்குக் காட்டிய ஒன்றை உங்களிடம் சொல்லவே இந்த மடல்.

நாங்கள் வாரம் ஒருமுறை அரைப்போம். ஒரு கிலோ அரிசி, கால் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாக மாவு வரும். மாதத்துக்கு 12 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் ஒரு அக்கா அரைத்து விற்கும் மாவு கிலோ 40 ரூபாய், ஆக மாதம் 480. கம்பெனி பாக்கெட் என்றால் கிலோ 75 ரூபாய், மாதம் 900.

வீட்டில் அரைத்தால்? மளிகைக் கடை இட்லி அரிசி கிலோ 55 ரூபாய். உளுந்து 150 ரூபாய், அதில் கால் கிலோ என்றால் முப்பத்தேழரை ரூபாய். வெந்தயம், உப்பு, கரண்ட் எல்லாம் சேர்த்து நாலரை ரூபாய். ஒரு தடவைக்கு 97, நாலு தடவைக்கு 388. கேஸை நான் சேர்க்கவில்லை. எந்த மாவானாலும் வேகவைக்க அதே கேஸ்தானே.

388-க்கும் 480-க்கும் வித்தியாசம் நூறு ரூபாய்கூட இல்லை. அந்த நூறுக்காக மாதத்தில் நான்கு தடவை ஊறவைத்து, கழுவி, உளுந்தைத் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பொங்க அரைத்து, அப்புறம் அரிசியைப் போட்டு, கடைசியில் கல்லைக் கழற்றிக் கழுவி வைக்க வேண்டும். ஊறுகிற நேரத்துக்கு ஆள் வேண்டாம். ஆனாலும் என் கை ஒரு மணி நேரம் அதில்தான் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்து எம்மிங் முடித்திருப்பேன். அதற்கு 50 ரூபாய் போட்டால், மாதம் 200. வீட்டு வேலைக்குக் காசு இல்லை என்று விட்டுவிட்டால் அது பொய்க்கணக்கு. வீட்டுச் சாப்பாடுதான் மலிவு என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த வரியை எழுதுவதில்லை. அதை எழுதினால், மளிகைக் கடை அரிசி வாங்கி அரைப்பவருக்குத் தெருவில் விற்கிற மாவே கட்டும். இதை நான் தயங்காமல் சொல்கிறேன்.

ஆனால் எங்களுடையது அரிசி அட்டை. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்கு நாங்கள் காசு கொடுப்பதில்லை. ரேஷன் புழுங்கலரிசியை நாலு தண்ணீரில் கழுவிப் போட்டால் இட்லிக்கு நன்றாகவே வருகிறது. அப்போது மாதச் செலவு 388-இலிருந்து 168 ரூபாய்க்கு இறங்குகிறது. கிலோவுக்கு இருபது இட்லி என்றால் ஒரு இட்லி எழுபது பைசா. 2013-இல் சென்னையில் அம்மா உணவகம் தொடங்கியபோது ஒரு ரூபாய்க்கு இட்லி கிடைப்பதை ஊரே வியந்து பேசியது. ரேஷன் அரிசியோடு என் வீட்டு இட்லி மாவு அதைவிடக் குறைவான செலவில் முடிகிறது.

இப்போது அந்த 168 ரூபாயைப் பிரித்துப் பாருங்கள். அதில் 150 ரூபாய் ஒரு கிலோ உளுந்துக்குப் போகிறது. மிச்சம் எல்லாவற்றுக்கும் சேர்த்தே பதினெட்டு ரூபாய்தான்.

சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பும் பாமாயிலும் போல உளுத்தம் பருப்பும் கிலோ 30 ரூபாய்க்கு ரேஷன் கடையில் கிடைத்த காலம் உண்டு. பிறகு துவரம் பருப்பும் எண்ணெயும் மட்டும் தொடர்ந்தன, உளுந்து நின்றது. அந்த விலை இன்றும் இருந்தால் எங்கள் மாதச் செலவு 48 ரூபாய். என் கூலி 200-ஐச் சேர்த்தாலும் 248, தெரு மாவு விலையில் ஏறக்குறைய பாதி.

2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் வந்த கிரைண்டர்தான் இன்றும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. இரண்டு தடவை பெல்ட் மாற்றினோம், அவ்வளவுதான். அரிசி அரசு தருகிறது, அரைக்கும் இயந்திரத்தையும் அரசே தந்தது. இட்லிக்கு வேண்டியதில் நாங்கள் விலை பார்த்துப் பயப்படுவது உளுந்து ஒன்றுக்குத்தான்.

பயந்தால் என்ன செய்கிறோம்? உளுந்தைக் குறைக்கிறோம். என் பக்கத்து வீட்டில் நான்குக்கு ஒன்று போட்டது ஆறுக்கு ஒன்றாகி, எட்டுக்கு ஒன்றாகிவிட்டது. ஈடுகட்ட மீந்த சோற்றைச் சேர்த்து அரைக்கிறார்கள், ஆப்பசோடா போடுகிறார்கள். இட்லி கல் மாதிரி இருக்கிறது என்று பிள்ளைகள் தள்ளிவிடுகிறார்கள். கடைசியில் கிரைண்டரைத் துணி போட்டு மூடிவிட்டு, அன்றன்றைக்கு அரைக் கிலோ பாக்கெட் வாங்குகிறார்கள். கையில் காசு குறைவாக உள்ளவர்தான் சின்னப் பாக்கெட்டாக, அதிக விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

விலை ஒரு பக்கம். 100 கிராம் உளுந்தில் 24 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. முட்டையோ பாலோ தினமும் வாங்க முடியாத வீட்டில், காலையில் பிள்ளையின் வயிற்றுக்குள் போகும் புரதத்தில் பெரும்பங்கு இந்த உளுந்தும் சாம்பாரில் உள்ள பருப்பும்தான். உளுந்தைக் குறைத்த இட்லி வேறு வடிவத்தில் வந்த சோறு, அவ்வளவே. வயசுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இப்போது அதுவும் சடங்குக்கு ஒரு கரண்டி என்று ஆகிவிட்டது.

உளுந்து எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். நான் பிறந்தது மன்னார்குடிப் பக்கம். சம்பா, தாளடி நெல் அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், நிற்கிற பயிருக்குள் ஈரச் சேற்றில் உளுந்தைத் தெளிப்பார் அப்பா. அதற்குப் பிறகு உழவு கிடையாது, தண்ணீரும் பாய்ச்ச மாட்டார். மண்ணின் ஈரமும் பனியும்தான் அதை வளர்க்கும், எழுபது நாள் சொச்சத்தில் காய் கறுத்துவிடும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் நெல்லுக்குப் பின் விவசாயி கையில் வரும் காசு இது. அறுப்பு மெஷின் சக்கரத்தில் நசுங்கிப் போவது போக மீதியைத்தான் எடுக்கிறார்கள். மத்திய அரசு உளுந்துக்கு 2025-26-க்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய், கிலோவுக்கு 78. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் வழியாக ஆதரவு விலைக் கொள்முதலும் நடக்கிறது. அந்தக் கொள்முதலையும் ரேஷன் கடையையும் இணைத்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

செலவு பெரிது என்பது எனக்கும் தெரியும். மாநிலத்தில் இரண்டு கோடிக்கும் மேல் அட்டைகள் இருக்கின்றன. எல்லோருக்கும் ஒரே நாளில் தர முடியாவிட்டால் மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைகளிலிருந்து தொடங்குங்கள், அப்புறம் முன்னுரிமை அட்டைகள். ஒரு கிலோ முடியாவிட்டால் அரைக் கிலோ கொடுங்கள். பருப்பாக உடைத்துத் தோல் நீக்கித் தருவது கூடுதல் செலவு என்றால் முழுக் கறுப்பு உளுந்தாகவே கொடுங்கள். ஊறவைத்துக் கையால் தேய்த்துத் தோலை அலசி எடுக்க எங்களுக்குத் தெரியும். தோலோடு அரைத்தாலும் சத்துதான், நிறம் கொஞ்சம் கறுப்பாக வரும், பிள்ளைகளுக்குப் பழகிவிடும். 30 ரூபாய்க்குத் தர இயலாது என்றால், 60 ஆனாலும் சரி. கடை விலையில் பாதிக்கும் குறைவாக இருந்தால் எங்களால் உளுந்தைக் குறைக்காமல் அரைக்க முடியும்.

தெருவில் மாவு விற்கும் அக்காவின் பிழைப்பைக் கெடுக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. வேலைக்குப் போகிறவர்கள், தனியாக இருப்பவர்கள், அரைக்க முடியாத வயதானவர்கள் அவரிடம்தான் வாங்குவார்கள், வாங்கட்டும். வீட்டில் கிரைண்டரும் அரிசியும் இருந்தும், உளுந்து விலையால் மட்டும் கடைக்குப் போகிறவர்களுக்காகத்தான் கேட்கிறேன்.

தையில் தெளித்த உளுந்து இப்போது பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. பங்குனியில் அறுப்பு. அதற்குள் முடிவெடுத்தால் இந்த வருட அறுவடையிலிருந்தே கொள்முதலைத் தொடங்கிவிடலாம். கணக்கு எழுதிய நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கேட்டால் பக்கங்களை நகல் எடுத்து அனுப்புகிறேன்.

மரியாதையுடன்,
கும்பகோணத்திலிருந்து ஒரு குடும்ப அட்டைதாரர்