செல்லாமல் போன 23 வாக்குகளுக்கும் சேர்த்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் கல்லூரி மாணவர் பேரவைத் தலைவர் தேர்தலில் நான் 19 வாக்குகளில் தோற்று இன்றோடு பத்து நாள்கள் ஆகின்றன. வென்றவர் நன்றி சொல்வதும் தோற்றவர் தலையைக் குனிந்துகொண்டு வகுப்புக்குப் போவதும்தான் வழக்கம். முதல் நான்கு நாள்கள் நானும் அப்படித்தான் போய்வந்தேன். கை கடுக்கச் சுவரொட்டி எழுதியவர்கள், தொண்டை கட்டும்வரை வகுப்பு வகுப்பாகப் பேசியவர்கள், மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு வாக்கு எண்ணும் அறையின் வாசலில் நின்றவர்கள் என்று எனக்காக உழைத்த உங்களில் ஒருவர்கூட என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை என்பது ஐந்தாம் நாள்தான் எனக்கு உறைத்தது. சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். சொல்லாததால் இந்த மடலை எழுத வேண்டியதாயிற்று.

இதில் யாருடைய பெயரும் இராது. பெயரைப் போடலாமா என்று நான் கேட்டபோது பாதிப் பேர் வேண்டாம் என்றீர்கள். அவர்களில் மூவர், தேர்தல் வேலைக்காக மாலையில் தங்கியதை வீட்டில் ‘ஸ்பெஷல் கிளாஸ்’ என்று சொல்லி வைத்திருப்பதால் தங்கள் பெயர் எந்த எழுத்திலும் வந்துவிடக் கூடாது என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார்கள். அவர்களை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் எழுதுவது முறையாகாது. செய்ததைச் சொன்னால் செய்தவருக்குத் தெரியும்.

தேர்தலில் நிற்பது என் யோசனையே அல்ல. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது நகரில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து, கடலூரில் எங்கள் வீட்டுத் திண்ணையைத் தாண்டி உள்ளே புகுந்தது. வெள்ளம் வடிந்ததும், தங்கள் வீட்டு வாசலிலேயே சேறு கிடந்தபோதும், வகுப்புத் தோழிகள் ஏழு பேர் விளக்குமாறும் வாளியுமாக வந்து இறங்கினார்கள். அன்று சேற்றை வாரிக்கொண்டே பேசிய பேச்சில்தான், எங்கள் கடைசி வகுப்பு மாலை 4 மணிக்கு முடிய, நூலகத்தையும் அதே 4 மணிக்கு மூடிவிடும் வேடிக்கை அடிபட்டது. அதைக் கேட்பதற்குப் பேரவையில் ஓர் ஆள் வேண்டும் என்றும் அந்த ஆள் நான்தான் என்றும் முடிவுசெய்தவர்கள் அந்த ஏழு பேரே. நான் அப்போது ஊறிப்போன பீரோவின் கதவைத் திறக்க முயன்றுகொண்டிருந்ததால் மறுத்துப் பேச நேரம் கிடைக்கவில்லை.

எங்கள் பேரவைத் தேர்தல் லிங்டோ குழுவின் விதிகளின்படி நடப்பது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோவின் தலைமையில் அமைந்த அக்குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பரில் ஏற்று நடைமுறைப்படுத்தச் சொன்னது. அவற்றின்படி ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது. அச்சடித்த சுவரொட்டியும் ஒலிபெருக்கியும் கூடாது. மாணவர் அல்லாத எவரும் தேர்தல் வேலையில் எவ்வகையிலும் கலந்துகொள்ளக் கூடாது. காதுகுத்துக்கும் பிறந்தநாளுக்கும் தெருமுனையை மறைத்து ஃபிளெக்ஸ் வைக்கும் ஊர்களில் வளர்ந்த எங்களுக்கு, கையால் ஒரு வரியை நேராக எழுத வராது என்பது முதல் நாள் மாலையே தெரிந்துபோயிற்று. நாங்கள் எழுதிய முதல் சுவரொட்டியில், இடம் போதாமல் என் பெயரின் கடைசி எழுத்து சார்ட் பேப்பரின் ஓரத்தில் திரும்பிக் கீழே இறங்கியிருந்தது. அதைப் பார்த்த தோழி ஒருத்தி ஒன்றும் பேசாமல் தன் அப்பாவுக்குப் போன் செய்தாள்.

அவருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. கடலூர் முதுநகரில் இருக்கும் அவர், ஃபிளெக்ஸ் வருவதற்கு முன்பு கடைப் பலகைகளும் சுவர் விளம்பரங்களும் எழுதியவர். அந்தத் தொழில் போன பிறகு இப்போது வீடுகளுக்கு வண்ணம் அடிக்கப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் ஆறு பேர் சார்ட் பேப்பர் சுருளோடு போய் நின்றபோது, பிரஷ்ஷை எடுத்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். வெளியாள் கை வைக்கக் கூடாது என்ற விதியைத் தயங்கித் தயங்கிச் சொன்னோம். அவர் உடனே பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் தாள் ஒன்றில்கூடத் தம் விரல் படாது என்றார். பழைய செய்தித்தாளை விரித்து அதில்தான் எல்லாவற்றையும் செய்து காட்டினார். நூலில் சுண்ணாம்புத் தூளைத் தடவி, இரண்டு பேர் இரு முனைகளையும் இழுத்துப் பிடிக்க, மூன்றாமவர் நடுவில் தூக்கிச் சுண்டிவிட்டால் தாளின் மேல் கோடு தானாக விழுகிறது. எழுதி முடித்ததும் ஊதிவிட்டால் கோடு போய்விடுகிறது. எழுத்துகளை எண்ணி நடு எழுத்தை முதலில் எழுத வேண்டும். ‘ர’வுக்கு அரை இடம் போதும், ‘ஞ’வுக்கும் ‘ண’வுக்கும் ஒன்றரை இடம் விட வேண்டும் என்பதெல்லாம் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில், ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து நாங்கள் கற்ற பாடம். புறப்படும்போது, எழுத்து காய்ந்ததும் அதன் மேல் மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்துவிடும்படி சொன்னார். ஏன் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் மாலை திடீரென்று பெய்த மழையில் அது புரிந்தது. ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்த எதிரணியினரின் சுவரொட்டிகளில் நீலமும் சிவப்பும் வழிந்து யாருடைய பெயர் என்றே தெரியாமல் போக, எங்களுடையவை தண்ணீர் முத்து முத்தாக நிற்க அப்படியே இருந்தன. மறுநாள் காலை எதிரணியிலிருந்து இருவர் வந்து என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் அப்போது இருந்த முதலாமாண்டுத் தங்கை, என்னைக் கேட்காமலே, மிச்சமிருந்த நான்கு மெழுகுவத்திகளையும் எடுத்துக் கொடுத்துவிட்டாள். நான் அவளைக் கடிந்துகொண்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அன்று மதியமே அவர்கள் தங்கள் ஏணியை எங்களுக்கு அனுப்பி வைத்தார்கள்; அதன் பிறகுதான் எங்கள் சுவரொட்டி முதல் மாடியைப் பார்த்தது. அந்தத் தங்கைக்கு என் நன்றியும் வருத்தமும் சேர்ந்தே உரியவை.

வகுப்புகளில் ஐந்து நிமிடம் பேச அனுமதித்த பேராசிரியர்களுக்கும், யாரென்றே அறியாத எனக்காக வேட்புமனுவில் வழிமொழிந்து கையெழுத்திட்ட வேதியியல் துறைத் தம்பிக்கும், 75 சதவீத வருகைப்பதிவு இருக்கிறதா என்று பதிவேட்டை இரண்டு முறை கூட்டிப் பார்த்து எனக்கு 77 என்று எழுதித்தந்த அலுவலக அம்மாவுக்கும் நன்றி. கடலூர் பேருந்தில் என் சார்ட் பேப்பர் சுருளை நசுங்காமல் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தினமும் சாய்த்து வைத்த நடத்துநர் அண்ணன் இதைப் படிக்கப் போவதில்லை. அவரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். தேர்தல் என்ற சொல்லே பிடிக்காதபோதும், அவித்த மல்லாட்டையை (வேர்க்கடலையை) ஒரு தூக்கு நிறைய எங்கள் குழுவுக்குக் கொடுத்தனுப்பிய என் அம்மாவுக்கு, இந்த மடலைப் படித்துக் காட்ட வேண்டும்.

இனித் தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் எண்ணிக்கையில் எதிர் வேட்பாளருக்கு 613, எனக்கு 592. நாங்கள் கேட்டுக்கொண்டதும் தேர்தல் அலுவலராக இருந்த பேராசிரியர் முகம் சுளிக்காமல் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டு, ஒவ்வொரு சீட்டையும் இரு தரப்பு முகவர்களுக்கும் தூக்கிக் காட்டி எண்ண வைத்தார். எனக்குரிய ஒரு சீட்டு எதிர் வேட்பாளரின் கட்டுக்குள் இருந்தது தெரியவந்து, கணக்கு 612-க்கு 593 என்று முடிந்தது. பிறகு, செல்லாதவை என்று ஒதுக்கிய 57 சீட்டுகளையும் விரித்துக் காட்டினார்.

அவற்றில் 23 சீட்டுகளில் என் பெயருக்கு எதிரே தெளிவான சரிக்குறி இருந்தது. கூடவே ஒன்றில் ‘வாழ்த்துகள் அக்கா’ என்றும், ஒன்றில் ‘நூலகம் ஞாபகம் இருக்கட்டும்’ என்றும், சிலவற்றில் ஒரு சிரித்த முகமும், இரண்டில் எழுதியவரின் பெயரும் வகுப்பும்கூட இருந்தன. சரிக்குறியைத் தவிர வேறு எதுவும் இருந்தால் சீட்டு செல்லாது என்பது எங்கள் கல்லூரியின் விதி. வாக்காளரை அடையாளம் காட்டும் எழுத்தோ குறியோ இருந்தால் வாக்குச் சீட்டைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று நாட்டின் 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளும் சொல்கின்றன. ஆகவே பேராசிரியரின் முடிவில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. எதிரணியிலும் அப்படி மூன்று சீட்டுகள் இருந்தன. அவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் நான் 616, அவர் 615 என்று வரும். வீட்டுக்குப் போகும் வழியில், கிருமாம்பாக்கம் வருவதற்குள் இந்தக் கூட்டலை ஐந்தாறு முறை போட்டுவிட்டேன்.

அந்தச் சீட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதியது முதலாமாண்டு மாணவிகள் என்பதை வாசகங்களே சொல்கின்றன. அன்று வாக்குச்சாவடியில் விரலில் மை வைக்க வேண்டும் என்று கேட்டு அடம்பிடித்தவர்களும் அவர்கள்தாம். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் நடந்தது, அதோடு சரி. லிங்டோ விதிகள் வந்த அதே 2006-இல் இந்தப் பிள்ளைகள் பிறந்தே இருக்கவில்லை. மற்றத் தேர்தல்களிலெல்லாம் மின்னணு இயந்திரம். 2019-இல் தமிழகத்து ஊராட்சித் தேர்தலில் வாக்குச் சீட்டைக் கண்ட கடலூர்க் கிராமத்துப் பெற்றோரின் பிள்ளைகளுக்காவது வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியுண்டு. புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. சீட்டு என்றால் அது தமக்குப் பிடித்தவருக்கு எழுதும் கடிதம் என்று நினைத்ததில் வியப்பில்லை. அப்படியல்ல என்று சொல்லியிருக்க வேண்டியவள் நான். நாற்பதுக்கும் மேற்பட்ட வகுப்புகளுக்குப் போய் நூலகத்தைப் பற்றிப் பேசினோம், குடிநீர்க் குழாயைப் பற்றிப் பேசினோம், மாலை 5 மணிப் பேருந்தைப் பற்றிப் பேசினோம். கட்டத்துக்குள் ஒரு சரிக்குறி மட்டும் போடுங்கள் என்று ஒரு வகுப்பில்கூடச் சொல்லவில்லை. எழுத்துக்கு இடம் விடும் அளவை அரை நாள் செலவழித்துக் கற்ற எங்களுக்கு, அரை நிமிடம் செலவழித்து அதைச் சொல்லத் தோன்றவில்லை.

சிரித்த முகம் வரைந்த தங்கைகளே, தம்பிகளே, உங்களால்தான் நான் தோற்றேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். நூலகத்தை நினைவூட்டியவருக்குச் சொல்லிக்கொள்கிறேன்: வென்றவர் என்னைத் தேடி வந்து எங்கள் தேர்தல் அறிக்கையின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனார், பேரவையின் முதல் கூட்டத்தில் நூலக நேரத்தைத்தான் முதல் பொருளாக வைத்திருக்கிறார். நிர்வாகிப் பதவிக்கு ஒருவர் ஒரு முறைதான் போட்டியிடலாம் என்பதால் இன்னொரு தேர்தல் எனக்கு இல்லை. அடுத்த ஆண்டு யார் நின்றாலும், அவர்களுக்காக வகுப்பு வகுப்பாகப் போய் வாக்குச் சீட்டைக் கரும்பலகையில் வரைந்து காட்டும் வேலையை அந்தத் தங்கைகள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். நான் கேட்கவில்லை, அவர்களாகவே சொன்னார்கள்.

வாக்குப்பதிவு முடிந்த 48 மணி நேரத்துக்குள் வாக்குச்சாவடிப் பகுதியை வேட்பாளர்கள் கூட்டாகச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதும் விதி. இரு அணியினரும் சேர்ந்தே அதைச் செய்தோம். மைதா பசை ஊறினால் வந்துவிடும் என்று நினைத்திருந்தோம். மெழுகு தேய்த்த தாளில் தண்ணீர் ஊறவே மறுத்துவிட்டது. துப்புரவுப் பணியாளர் அக்கா எங்கள் கையிலிருந்த துணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பழைய இரும்புக் கரண்டி ஒன்றைக் கொண்டுவந்து ஓரத்திலிருந்து சுரண்டக் கற்றுக்கொடுத்தார். கிழியாமல் வந்த நான்கு சுவரொட்டிகளைத் தம் வீட்டு அலமாரித் தட்டுகளில் விரிக்க எடுத்துப் போயிருக்கிறார்.

கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. தேர்தல் செலவுக்காக 46 பேர் ஆளுக்கு 100 ரூபாய் தந்தீர்கள், மொத்தம் 4,600. சார்ட் பேப்பர், மார்க்கர், மைதா, மெழுகுவத்தி, தேநீர் எல்லாம் சேர்த்துச் செலவு 3,450. முடிவு வெளியான இரண்டு வாரத்துக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்பதால் வணிகவியல் துறைத் தோழி ரசீதுகளோடு நேற்றே கொடுத்துவிட்டாள். மீதி 1,150 ரூபாயில் ஆளுக்கு 25 ரூபாய் வருகிறது. வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு, மூடிய நூலகத்தின் படிக்கட்டில் நான் சில்லறையோடு உட்கார்ந்திருப்பேன். தவறாமல் வந்து வாங்கிக்கொள்ளவும்.

நன்றியுடன்,
வரலாற்றுத் துறை மூன்றாமாண்டு மாணவி,
புதுச்சேரி.