டர்பனிலிருந்து சென்னைக்கு எட்டரை மணி நேரமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

டர்பன்–சென்னை விமானத் தூரம் 7,070 கி.மீ., நேரம் எட்டரை மணி என்று தங்கள் பயணப் பக்கத்தில் வந்திருந்தது. தூரம் சரி. பூமிப் பந்தின் மேல் இரண்டு விமான நிலையங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோடு அது. அந்தத் தூரத்தை மணிக்கு 880 கி.மீ. வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்தால் எட்டரை மணி வரும். ஆனால் அந்தக் கோட்டில் பறக்க நேரடி விமானம் இல்லை.

துபாய் வழியே போனால் 6,630 கி.மீ., பிறகு 2,930 கி.மீ.; மொத்தம் 9,560. வானில் மட்டும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். இடைக்காத்திருப்பு மூன்று நான்கு மணி என்றால் பதினாறு ஆகிவிடும். ஜோகன்னஸ்பர்க் போய் மாறுகிறவர்களுக்கு இருபதும் தாண்டலாம். மொரீஷியஸ் வழி தூரம் 7,310 கி.மீ.தான், நேர்கோட்டை ஒட்டியே போகிறது. இருந்தும் இரண்டு விமானங்களும் ஒரே நாளில் பொருந்தாவிட்டால் ஓர் இரவு அங்கே தங்க வேண்டும். தூரம் குறைந்தால் நேரமும் குறையும் என்று நம்பிவிட முடியாது.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். இந்தியா நம் தென்னாப்பிரிக்காவைவிட மூன்றரை மணி முன்னால் ஓடுகிறது, ஆண்டு முழுவதும் இதேதான். மாலை 7 மணிக்கு இங்கே ஏறி மறுநாள் பிற்பகல் 2.30-க்குச் சென்னையில் இறங்கினால், பத்தொன்பதரை மணியிலிருந்து மூன்றரையைக் கழியுங்கள்: பதினாறு. திரும்பும்போது அதையே கூட்ட வேண்டும். இதை மறந்துதான் பலர் திரும்பி வரும் பயணம் சீக்கிரம் முடிகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அதிகம் பேர் சிக்குவது ஜோகன்னஸ்பர்க்கில். ஊர் திரும்பும்போது பெட்டியில் டர்பன் டேக் இருந்தாலும், நாட்டுக்குள் நுழையும் முதல் விமான நிலையத்திலேயே அதை எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். குடிவரவு வரிசையும் சேர்ந்தால் ஒன்றரை மணி இடைவெளி போதாது. மூன்று மணியாவது வைத்துக்கொள்ள வேண்டும். உள்நாட்டு டிக்கெட்டைத் தனியாக வாங்கியிருந்தால், தாமதத்துக்கு எந்த விமான நிறுவனமும் பொறுப்பேற்காது. மலிவு என்று ஜோகன்னஸ்பர்க்கின் இன்னொரு விமான நிலையமான லான்சேரியாவுக்கு டிக்கெட் எடுத்துவிடுவது இன்னொரு தவறு. வெளிநாட்டு விமானம் ஏற வேண்டிய ஓ.ஆர். டாம்போ விமான நிலையம் அங்கிருந்து ஏறக்குறைய 50 கி.மீ. தள்ளி இருக்கிறது.

அடிஸ் அபாபா, நைரோபி வழியே போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் விதியை முன்கூட்டியே பார்க்க வேண்டும். திரும்பும் வழியில் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினாலோ, விமான நிலையத்தை விட்டு வெளியே போனாலோ தென்னாப்பிரிக்கா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். தடுப்பூசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே அது செல்லும்.

கோயில் பயணத்துக்கும் கல்யாணப் புடவை எடுக்கவும் வயதான பெற்றோரை அழைத்துப் போகும் குடும்பங்கள் தங்கள் பக்கத்தைப் பார்த்தே திட்டமிடுகின்றன. நேர்கோட்டுத் தூரத்துக்குக் கீழே விமானம் மாறும் ஊர், வானில் இருக்கும் நேரம், வீட்டு வாசல் முதல் வாசல் வரை ஆகும் மொத்த நேரம் ஆகியவற்றையும் தயவுசெய்து அச்சிடுங்கள்.

ஒரு வாசகர்,
டர்பன்