செந்திலுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள செந்திலுக்கு,

போனில் சொன்னால் "சரிம்மா, பாக்கறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு வந்தபோது கூடத்தில் நீ தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குறட்டை திடீரென்று நின்றது. நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குகின்றன, மூக்கில் காற்று இல்லை. அப்புறம் 'ஹக்'கென்று ஓர் இழுப்பு, புரண்டு படுத்தாய், மறுபடி குறட்டை. காலையில் கேட்டால் நன்றாகத் தூங்கினேன் என்கிறாய். கவிதாவைக் கேட்டேன், தினமும் இப்படித்தான் என்றாள்.

அப்பாவுக்கு இருப்பதும் இதுதான், ஸ்லீப் ஆப்னியா. தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும்போது மூளை உலுக்கி எழுப்பும். எழுந்தது நமக்கே தெரியாது. 10 விநாடியாவது மூச்சு தடைப்பட்டால் ஒன்று என்று கணக்கு. ஒரு மணி நேரத்தில் 5 முதல் 15 தடவை வரை லேசானது, 30ஐத் தாண்டினால் கடுமை. அப்பாவுக்கு 40க்கு மேல். மாத்திரைக்கு அடங்காத பிரஷர், காலைத் தலைவலி, ராத்திரியில் பலமுறை பாத்ரூம் போவது எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு என்று டாக்டர் சொன்னார்.

நான் குண்டு இல்லையே என்பாய். தாடை சிறுத்து உள்வாங்கியிருந்தால் ஒல்லியானவர்களுக்கும் வரும். உனக்கு அப்படியே அப்பாவின் தாடை.

இதைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட்டுக்குப் பயப்படாதே. விரலில் ஒரு கிளிப், மூக்கடியில் மெல்லிய குழாய், நெஞ்சில் ஒரு பட்டை. பலருக்கு இதை வீட்டிலேயே கட்டிக்கொண்டு தூங்கினால் போதும். டாக்டர் தேவை என்று நினைத்தால் ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுக்கச் சொல்வார்.

அப்பாவின் சிபேப் மெஷினைப் பார்த்து நீ முகம் சுளித்ததைக் கவனித்தேன். அது காற்றை அழுத்தத்தோடு அனுப்பித் தொண்டை மூடாமல் பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான். சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் 1980களின் தொடக்கத்திலேயே கொண்டுவந்த முறை. ஆரம்பத்தில் அப்பா தூக்கத்திலேயே மாஸ்க்கைக் கழற்றி எறிவார், தொண்டை வறண்டது என்பார். மாஸ்க்கின் அளவை மாற்றி, ஈரப்பதத்துக்கான தொட்டியைப் பொருத்தியதும் சரியானது. இப்போது ராத்திரி அதில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிவிட்டுத்தான் படுக்கிறார். காலையில் கன்னத்தில் பட்டைத் தடம் இருக்கும். ஆனால் பேப்பர் படிக்கும்போது தலை தொங்குவதில்லை.

உனக்கு மெஷின்தான் என்று இல்லை. லேசானதாக இருந்தால் கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் ஒரு கருவியைப் பல் டாக்டர் செய்து தருவார். சிலருக்கு ஒருக்களித்துப் படுத்தாலே குறையும். டான்சில் பெரிதாக இருந்தால் ஆபரேஷன். உடம்பு பருத்தவர்களுக்கு எடை குறைந்தால் நல்ல பலன் உண்டு. 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அவர்களுக்கென்று, எடையைக் குறைக்கும் டிர்செபடைடு என்ற ஊசிக்கும் அனுமதி கொடுத்தார்கள். எது உனக்கு ஏற்றது என்பதை டாக்டர் சொல்லட்டும். நீயாகத் தூக்க மாத்திரை போடாதே, குடித்துவிட்டும் படுக்காதே. இரண்டும் தொண்டையை இன்னும் தளர்த்திவிடும்.

எனக்குப் பெரிய பயம் உன் கார்தான். வாரம் முழுக்க அரைகுறைத் தூக்கம், வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூரிலிருந்து கிளம்பித் தொப்பூர் கணவாயில் இறங்குகிறாய். கண் ஒரு நொடி சொருகினால் என்ன ஆகும்? டெஸ்ட் எடுத்து டாக்டர் சொல்லும்வரை ரயிலில் வா. ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. அவருக்கு அதைப் படிக்கத் தெரியும்.

அன்புடன்,
அம்மா