நீலகிரி குந்தா பாலம் முகாம் கோயில்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் மாரியம்மன் கோயில் திருப்பணி நிறைவுற்று, குடமுழுக்கும் மண்டல பூசையும் இனிதே நடந்தேறின. புதுக் கோபுரம் எழுப்பாமல் பழைய கருவறையையே வைத்துக்கொண்டது ஏன் என்று சிலர் கேட்டிருப்பதால், அதற்கான விளக்கத்தை முதலில் தருகிறோம்.

1950-களின் நடுப்பகுதியில் தொடங்கிய குந்தா நீர்மின் திட்டத்துக்குக் கொழும்புத் திட்டம் என்னும் பன்னாட்டு வளர்ச்சி உதவித் திட்டத்தின்கீழ் கனடா அரசு உதவியபோது, கல்லுடைக்கவும் மண் சுமக்கவும் சமவெளியிலிருந்து வந்தவர்களுக்குப் போடப்பட்ட கொட்டகைகளிலிருந்து வளர்ந்ததே இன்றைய குடியிருப்பு. அவலாஞ்சி, எமரால்டு அணைகளின் நீர் சுரங்கவழி இறங்கி இங்குள்ள முதல் மின்நிலையத்தை இயக்கிவிட்டு, குந்தா பாலம் அணையில் தேங்கி, மறுபடியும் மலைக்குள் புகுந்து கெத்தை மின்நிலையத்துக்குச் செல்கிறது. இரு நிலையங்களும் 1960-இல் இயங்கத் தொடங்கின. அத்தோடு இந்தத் தொழிலாளர் முகாம் கலைந்திருக்க வேண்டியது. ஆனால் பரளி, பில்லூர் என அடுத்த கட்டப் பணிகள் தொடர்ந்ததாலும், நிலையத்துக்கு நிரந்தர ஆட்கள் தேவைப்பட்டதாலும் பல குடும்பங்கள் இங்கேயே தங்கிவிட்டன.

கருவறைச் சுவர், வேலைநேரம் போக அவர்களே கல் சுமந்து எழுப்பியது என்பது மூத்தோர் வாக்கு. பழைய பூச்சைச் சுரண்டியபோது, வெடி வைக்கத் துளையிட்ட தடங்கள் கற்களின் விளிம்பில் பிளந்த மூங்கில் போல அரைவட்டமாகத் தெரிந்தன. அவற்றின்மேல் டைல்ஸ் ஒட்டக் குழுவுக்கு மனம் வரவில்லை. இடுக்குகளில் சுண்ணச்சாந்து மட்டும் அடைத்திருக்கிறோம்.

செலவில் பெரும்பகுதி வடிகாலுக்கும் மேற்கூரைக்குமே போயிற்று. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதைக் கண்ட ஊரில் இதைக் குறைக்க முடியாது. சிலையைப் பீடத்தில் பதிக்கும் சாந்தான அட்டபந்தன மருந்து குளிரில் இறுகிக்கொண்டே இருந்ததால், எருமை வெண்ணெய் விட்டு, உரலருகே கணப்பு மூட்டி, இரவெல்லாம் முறைவைத்து இடித்த அன்பர்களுக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். தற்போது 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டப் பணிக்காக வெளிமாநிலங்களிலிருந்து வந்திருக்கும் தொழிலாளர்கள் சிலர், கேட்காமலே வந்து மணல் சுமந்தனர்; அன்னதானப் பந்தியில் அவர்களை முதலில் அமர்த்தியது முறையே என்று குழு கருதுகிறது.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு கோயில் அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. மடைப்பள்ளிக்குப் பின்புறத் தடுப்புச்சுவர் மட்டும் எஞ்சியுள்ளது. மீதித் தொகையைக் கொண்டு தென்மேற்குப் பருவமழைக்கு முன் அதைக் கட்டி முடிக்க உறுப்பினர்களின் ஒப்புதலைக் கோருகிறோம்.

இவண்,
திருப்பணிக் குழுவினர்