சேலம் மாவட்டப் பள்ளி நாடக ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களே,

வணக்கம். ஆண்டு விழா நாடகங்களில் பதிவு செய்த சிரிப்பொலியை ஓட விடும் வழக்கத்தை இவ்வாண்டாவது கைவிட வேண்டுகிறேன்.

சென்ற ஆண்டு சேர்வராயன் மலையில் ஒரு பள்ளி விழாவுக்காக ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்குப் பயிற்சி அளித்தேன். இல்லாத தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்து, இரு கைகளாலும் பிடித்தபடி, ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் அவன் ஏறுவதுதான் காட்சி. மூன்றாம் வளைவில் மூக்கின்மேல் ஈ ஒன்று வந்து உட்காரும். விரட்ட ஒரு கை இறங்கும், குடம் சரியும், கை அவசரமாக மேலே திரும்பும், பின்பு அவன் அசையாமல் நின்று, கண்ணை மட்டும் மூக்கை நோக்கித் தாழ்த்துவான். அந்த இரண்டு நொடி அமைதிக்காக ஒரு மாதம் உழைத்தோம். அந்த நொடியில் ஒலிபெருக்கி சிரித்தது. கூட்டம் மேடையை விட்டுவிட்டு ஒலிபெருக்கியைத் திரும்பிப் பார்க்க, பையன் குடத்தை மறந்து இரு கைகளையும் தொங்கவிட்டான்.

கண்ணால் காணும் நகைச்சுவையில் பார்ப்பவரே கண்டுபிடித்துச் சிரிக்க வேண்டும். நம் பக்கத்துத் தெருக்கூத்தில், இருவர் பிடித்த திரைத்துணிக்குப் பின்னே வேடக்காரர் ஆடும்போது, கால் சலங்கையும் கிரீடத்தின் நுனியும் மட்டுமே தெரிய, மீதியை நாமே கற்பனை செய்து காத்திருப்போம். 1928ஆம் ஆண்டின் ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில் வீட்டின் முன்சுவர் முழுதாகச் சரிந்து விழ, அமெரிக்க மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் நின்ற இடத்தில் திறந்த ஜன்னல் வந்து பொருந்துவதால் தப்புகிறார். அவர் முகத்தில் சலனமே இல்லை. சுவரும் மனிதரும் ஒரே சட்டகத்துக்குள் தெரிவதால்தான் அந்தக் காட்சி நிற்கிறது. ஆகவே, விழாவைப் படம் பிடிப்பவரிடமும் முகத்தை மட்டும் நெருங்கிக் காட்ட வேண்டாம், கால்வரை காட்டுங்கள் என்று சொல்லுங்கள்.

இன்னொன்றையும் மனம் வருந்திச் சொல்கிறேன். பருமனான பிள்ளையை மேடையேற்றி அவன் உடலையே கேலிப்பொருளாக்கும் காட்சிகளை எழுதாதீர்கள். நகை பிறக்கும் இடங்களாக எள்ளல் (கேலி), இளமை, பேதைமை (அறியாமை), மடன் (சொன்னதை அப்படியே நம்பும் வெகுளித்தனம்) என நான்கைத் தொல்காப்பியம் கூறுகிறது. நாம் எள்ளலை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற மூன்றையும் மறந்துவிட்டோம்.

அந்த மாணவன் இப்போது எட்டாம் வகுப்பு. மிகவும் தயங்கி, அதே குடத்தோடு மீண்டும் ஏற ஒப்புக்கொண்டிருக்கிறான். அவன் மூன்றாம் வளைவுக்கு வரும்போது ஒலிபெருக்கியை அணைத்து வையுங்கள்.

அன்புடன்,
சேலத்து நாடகப் பயிற்சியாளன் ஒருவன்